ஏணிக்காரனுக்குக் கட்டுப் போட்டது யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகசாலைக் காரியதரிசி போன வாரம் வீடு தேடி வந்தார். யுத்த காலத்தில் வந்த அந்த நாலு பாக சரித்திர நாவலை இப்போது மறுபடி அச்சுப் போட்டிருக்கிறார்களாம். அதற்கு ஒரு கூட்டமாம். பழைய வாசகர்கள் ஆளுக்கு அரைப் பக்கம் அபிப்பிராயம் எழுதித் தர வேண்டுமாம். “நீங்கதான் அத ரெண்டு தடவ சத்தம் போட்டு வாசிச்சவுகளாமே?” என்றார். ரெண்டு இல்லை ஐயா, மூன்று. அதுவும் வேலை நேரத்தில், சம்பளத்தோடு.

அரைப் பக்கத்தில் என்னத்தை எழுத? “கதை நன்றாக இருக்கிறது, நிலாதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தால், அந்த நாவலைப் பற்றிச் சரியான அபிப்பிராயம் சொன்னது நானே இல்லை. சொன்னவள் பேச்சியம்மாள். அவளுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. இன்று அவளும் இல்லை, அவள் யாருக்காகப் பயந்தாளோ அவர்களும் இல்லை. எழுதினால் இனி யாருக்கும் பாதகமில்லை.

நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அப்பா தவறிப்போனதும் ஷெட்டுக்கு வந்துவிட்டேன். வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நூல் பிசிறு பொறுக்கினேன், திட்டு வாங்கினேன், மறுபடி பொறுக்கினேன். சுருட்டுகிற பலகைக்கு என்னை விடவே ஒரு வருஷம் ஆயிற்று.

யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்குச் சுருள் பேண்டேஜ் கேட்டு ஆர்டர் குவிந்தது. பத்துப் பேர் இருந்த இடத்தில் முப்பது பெண்கள் ஆனோம். எங்களை மேய்க்க ஒரு கம்பவுண்டரைக் கொண்டுவந்து வைத்தார் முதலாளி. முந்தின யுத்தத்தில் பஸ்ரா பக்கம் பட்டாள ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர். ஒல்லி மனுஷன். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மறுபடி தெலுங்கு. முப்பது பேரும் அவரைக் கம்பவுண்டர் ஐயா என்போம்.

வெளுத்து வந்த துணியில் முதலில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடுவார். “ஒகடி, ரெண்டு, மூடு” என்று தெலுங்கில் எண்ணுவார். பத்துக்குள் துணி முங்கிவிட வேண்டும். மிதந்தால் நூலில் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அது ரத்தத்தை உறிஞ்சாது, திரும்பவும் சலவைச் சோடாவில் போட்டு அவிக்க வேண்டும். தேறிய துணியில் அகலம் குறித்து ஒரே ஒரு இழையை உருவி எடுப்போம். அந்த இழை போன தடத்திலேயே கத்தரி போனால்தான் வெட்டு நேராக வரும். பிறகு பலகையில் வைத்துச் சுருட்டுவது. சுருளின் நடுவில் சுண்டுவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். நடு பிதுங்கி வெளியே வந்தால் போச்சு. திட்ட மாட்டார். அந்தச் சுருளின் ஒரு முனையைச் சுருட்டியவள் கையில் கொடுத்துவிட்டு, மீதியை விரித்துக்கொண்டே ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் பின்னாலேயே நடப்பார். எல்லாரும் பார்க்க அவள் அதைச் சுருட்டிக்கொண்டே அவரிடம் போய்ச் சேர வேண்டும். அதைவிட இரண்டு அடி அடித்திருக்கலாம்.

அவர் கொண்டுவந்த சட்டங்களில் கொடுமையானது வாய்த்துணி. “வாயில ஆயிரம் பூச்சி இருக்கு. நீ பேசுத ஒவ்வொரு பேச்சும் ஒரு சிப்பாய் புண்ணுல போயி விழும்” என்பார். மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சுருட்ட வேண்டும். முப்பது பொம்பளைகள், பேச்சு இல்லை! மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருத்தியாகத் தலை தொங்கும். வெளியே கயிறு கயிறாகக் காயப்போட்ட துணி மலைக்காற்றில் எழும்பும், அடங்கும். அதன் நிழல் எங்கள் மேல் வந்து வந்து போகும். தூங்காமல் என்ன செய்ய? சுருள்கள் தொளதொளத்தன.

இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் நாலு தடித்த புஸ்தகங்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “வாய்தானம்மா ஆகாது. காதுக்கு என்ன? நீ அந்த வாசப்படிகிட்ட தள்ளி ஒக்காந்து வாசி. இவுக கேட்டுக்கிட்டே சுருட்டட்டும்” என்றார். அன்றிலிருந்து மத்தியானம் இரண்டு மணி நேரம் என் வேலை வாசிப்பது. ஷெட்டில் எனக்கு வாத்திச்சி என்று பெயரே வந்துவிட்டது.

அந்த நாவலைப் பற்றி என் அபிப்பிராயம் வேண்டுமென்றால் சொல்கிறேன். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. ஒரு இளவரசன், ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி ஒரு ஏரி. பகலில் சண்டை, அந்தியில் ஓடம். மாறுவேஷத்தில் திரிகிற ஒரு ராணி. நான் வாசிக்க வாசிக்க, வெளியே ஆடுகிற வெள்ளைத் துணியெல்லாம் அந்த ஏரியின் பனியாகிவிடும். குளோரின் வாடைகூட எனக்குத் தாழம்பூவாக மணத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுருட்டுகிற அறுபது கைகளும் தாங்களாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆள் அங்கே இருக்க மாட்டார்கள். சாயங்காலம் சங்கு ஊதினால்தான் எல்லாரும் இராஜபாளையத்துக்குத் திரும்பி வருவோம்.

ஒருத்தி மட்டும் போகவில்லை. பேச்சியம்மாள். இருபத்தாறு வயசு. அவள் சுருட்டிய சுருளைக் கம்பவுண்டர் ஐயா அழுத்திப் பார்ப்பதையே விட்டுவிட்டார், அவ்வளவு நம்பிக்கை. புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவன். கடிதம் நின்று பல மாதமாயிற்று என்று ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. வீட்டில் மாமியார் ஒரு கை ஒரு கால் விளங்காமல் படுக்கையில். அவளும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கரி பஸ்ஸில் சேர்ந்து வருவோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு வைத்துக் கரியைப் போட்டு ஓட்டுவார்கள். மேடு வந்தால் இறங்கிவிட வேண்டும்.

முதல் பாகம் முடிகிற இடத்தில் ஒரு கோட்டை முற்றுகை. மதில் மேல் ஏணியைச் சார்த்துகிறவர்களில் ஒருவனுக்குத் தொடையில் அம்பு தைக்கிறது. ஏரிக்கரையில் ஆலமரத்தடியில் விழுந்து, “தண்ணீர்” என்கிறான். அந்த வழியாக இளவரசனின் குதிரை போகிறது. அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயத்தில் நிலா.

மறுநாள் மேட்டில் இறங்கி நடந்தபோது பேச்சி கேட்டாள். “யக்கா, அந்த ஏணிக்காரன் என்ன ஆனான்?”

“எந்த ஏணிக்காரன்?”

“தண்ணி கேட்டான்லா, அவன்.”

“பின்னால வருவான்ட்டி” என்றேன். எனக்கு எங்கே தெரியும்?

இரண்டாம் பாகம் நடந்துகொண்டிருந்தது. தினமும் அதே கேள்வி. “இன்னைக்கும் வரலயே?” நான் கம்பவுண்டர் ஐயாவிடம் கேட்டு மற்ற இரண்டு பாகங்களையும் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய், அவனைத் தேடுவதற்கென்றே கடைசி வரைக்கும் படித்துப் பார்த்தேன். ம்ஹூம். எழுதினவருக்கு அவன் ஞாபகமே இல்லை. அவ்வளவு பெரிய புஸ்தகத்தில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வெட்டுப்படுகிறார்கள். ஒருத்தன் காயத்துக்காவது ஒரு முழம் துணி சுற்றியதாக எங்கேயும் இல்லை.

இதைப் பேச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் சொன்னாள்: “எம்புட்டுப் பெரிய புஸ்தகம்! அம்புட்டுப் பேரு வெட்டுப்படுதாக. கட்டுப் போட ஒரு ஆளு கிடையாதா? என்னக்கா எழுதியிருக்காக இவுக?”

அவளுக்கு இருந்த கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாகப் போயிற்று. கம்பவுண்டர் ஐயாவிடம் மெதுவாக இந்தக் கேள்வியைப் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “எனக்குப் பிடிச்சதே அதுதானம்மா. இந்தப் புஸ்தகத்துல யாருக்கும் புண்ணு சீழ் வைக்காது. அதுக்காகத்தான் ஏழு தடவ வாசிச்சேன்.”

புருஷன் உயிரோடு வருவானா என்று தெரியாத பெண் ஏணிக்காரனிடம் குறி கேட்கிறாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அவன் பிழைத்தால் இவன் பிழைப்பான். அவ்வளவுதானே? ஒரு நாள் மத்தியானம், துணிந்து, இரண்டாம் பாகத்தில் ராணி ஓடம் ஏறுகிற இடத்தில் நிறுத்தினேன். கண்ணைப் புஸ்தகத்திலிருந்து எடுக்காமல், இல்லாததை வாசிக்க ஆரம்பித்தேன். ஆலமரத்தடிக்கு ஒரு சலவைக்காரக் கிழவி வருகிறாள். ஏணிக்காரன் வாயில் தண்ணீர் விடுகிறாள். அம்பை உருவி, வெளுக்கப் போட்ட வேட்டியைக் கிழித்துத் தொடையைச் சுற்றிக் கட்டுகிறாள்.

முப்பது பேர் கையும் ஒரு நொடி நின்றது. பேச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய்த்துணிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. பிறகு குனிந்து சுருட்டினாள்.

வாசித்து முடித்துத் திரும்பினால் எனக்குப் பின்னால் வாசலில் கம்பவுண்டர் ஐயா நிற்கிறார்! ஏழு தடவை வாசித்த மனுஷன். என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். சங்கு ஊதியதும் கூப்பிட்டார்.

“ஏமம்மா இதி?” என்றார். தெலுங்கு வந்துவிட்டது.

“தொடையில மேல் பக்கம் காயம்னா தொடைய மட்டும் சுத்துனா நிக்குமா? எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சா நழுவிரும். இடுப்பையும் சேத்துச் சுத்தணும், எட்டு போட்ட மாதிரி. அந்தக் கிழவி கட்டுன கட்டுல அவன் ரத்தம் போயே செத்துருவான். நாளைக்கு அவுத்துத் திரும்பக் கட்டு.”

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “பஸ்ராவுல ஒருத்தனுக்கு அப்பிடித்தான் தப்பாக் கட்டிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கிழவி கட்டை அவிழ்த்து, இடுப்போடு சேர்த்து எட்டுப் போட்டுக் கட்டினாள். பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் தினமும் கடைசிக் கால் மணி ஏணிக்காரனுக்கு. பேச்சி முகத்தில் ஒரு தெளிவு. பஸ்ஸில் கேள்வி கேட்பதும் நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்தாளரே கைவிட்டதை நான் காப்பாற்றுகிறேன் அல்லவா! அந்த மிதப்பில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். ஏணிக்காரனை எழுப்பி நடக்கவைத்து, அவன் ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் பெண்டாட்டி கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்தால் புருஷன் நிற்கிறான். நானே கண் கலங்கி வாசித்தேன்.

பேச்சி அன்று சுருட்டிய சுருள் எல்லாம் நடு பிதுங்கியது. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், முட்டாள்.

அது புரட்டாசி மாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “யக்கா, நாளைக்குத் திருவண்ணாமலைக்குப் போறேன், தொணைக்கு வாரியா?” வடக்கே இருக்கிற பெரிய ஊர் இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மலை மேல் பெருமாள் இருக்கிற இடம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஊரே அங்கேதான். “நான் வேதக்காரி, அடிவாரம் வரைக்கும் வாரேன்” என்றேன்.

அடிவாரத்தில் கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஏறவில்லை. ஓரமாக ஒரு புளியமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தனை சத்தத்துக்கு நடுவில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

“யக்கா, அவன வீட்டுக்குக் கொண்டாந்துட்டியே. அது பொய்க்கா.”

“ஏட்டி, கதைதான?”

“கதைன்னு தெரியும். நீ வாசிக்கும்போது பக்கத்தத் திருப்பவே இல்ல. கிழவி வந்த அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லல.” கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கட்டுப் போட்டது வரைக்கும் இருக்கட்டும். அது எனக்கு வேணும். வீட்டுக்கு வந்தத எடுத்துரு யக்கா.”

“ஏன்ட்டி? அந்த மாதிரி உன் வீட்டுக்காரரும்...”

“அவுக செத்துப்போயிட்டாக.”

எனக்குக் காதில் கோவிந்தா சத்தம் நின்றுபோயிற்று. பேச்சி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மடித்து மடித்துத் துணியாகிப்போன தாள். இங்கிலீஷில் நாலு வரி. நான் அதை வாசிக்கத் தேவையில்லை, அவளுக்கு மனப்பாடம்.

“தை மாசமே வந்துருச்சு. கோர்ட்டு வாசல்ல மனு எழுதுத ஒருத்தருகிட்ட, யாருன்னே தெரியாத ஆளுகிட்ட, குடுத்து வாசிக்கச் சொன்னேன். காயத்துனால இறந்தாருன்னு இருக்காம். எங்க காயம், யாரு பக்கத்துல இருந்தாக, யாரு கட்டுனாக, ஒண்ணும் போடல. இந்தத் தாளும் ஒன் புஸ்தகம் மாதிரித்தான் இருக்கு.”

நாவல் வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏணிக்காரனைப் பற்றி முதல் நாள் கேட்டபோதே தெரிந்திருக்கிறது. ஒன்பது மாதம் பூவும் பொட்டுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

“ஏன்ட்டி சொல்லல?” என்றேன்.

“எங்க அத்தைக்கு அவுக மூத்த மகன் செத்த அன்னைக்குத்தான் கையும் காலும் விழுந்துச்சு. இவுகளும் இல்லன்னு தெரிஞ்சா அந்த நிமிசமே போயிருவாக. காலையில கண்ண முழிச்சதும் ‘எம்புள்ள லெட்டர் போட்டானா’ன்னுதான் கேக்காக. வருது வருதுன்னு சொல்லுதேன். தெருவுல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அவுக காதுக்கு வந்துரும். நான் எங்க போயி அழ? வீட்டுல அழுதா அவுக கேப்பாக. கெணத்தடியில அழுதா தெரு கேக்கும். பஸ்ஸுல நீ கேப்ப. நான் இன்னும் ஒரு சொட்டு அழலக்கா.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழக்கூடாது என்று அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே இருந்தது. அங்கேயும் எங்கள் தெரு ஆட்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

“யக்கா, அவனச் சாக விட்டுரு” என்றாள். “கட்டுப் போட்டு, நல்லபடியா, யாராச்சும் பக்கத்துல இருக்கச் சாகட்டும். திங்கக்கிழம வாசி. கதைக்கு அழுதா எதுக்கு அழுதேன்னு யாரும் கேக்க மாட்டாகள்ல?”

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக் கோயிலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணவில்லை. ஒரு மனுஷனை எப்படிச் சாகவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்காலத்தில் அத்தனை கஷ்டமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. தப்பாகச் சொன்னால் அவளுக்குக் கிடைக்கிற ஒரே ஒரு நாளும் வீணாகிவிடும்.

திங்கட்கிழமை வாசற்படியருகே உட்கார்ந்து புஸ்தகத்தைத் திறந்தேன். ஏணிக்காரன் வீடு வந்து சேர்ந்தது அவன் பெண்டாட்டி விடியற்காலையில் கண்ட கனவு என்றேன். மாட்டிக்கொண்ட நாவலாசிரியர்கள் செய்கிற காரியம்தான், எனக்கும் வேறு வழியில்லை. அவன் இன்னும் அந்த ஆலமரத்தடியில்தான் இருக்கிறான். கட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏற்கனவே போன ரத்தம் போனதுதான். சலவைக்காரக் கிழவி அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். அவன் தண்ணீர் கேட்கிறான், கொடுக்கிறாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். அம்மா இருக்கிறாள், பெண்டாட்டி இருக்கிறாள் என்கிறான். பெண்டாட்டி பெயர் என்ன என்று கேட்கிறாள். சொல்கிறான். என்ன பெயர் என்று நான் வாசிக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்கிறாள். இப்போது வலிக்கவில்லை என்கிறான். ஏரிக்கு அந்தப் பக்கம் விடிகிறது. கிழவி அவன் கண்ணை மூடிவிட்டு, வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்து அவன் மேல் போர்த்துகிறாள்.

நான் நிறுத்தினேன். வெளியே துணிகள் அடங்கிக் கிடந்தன. கம்பவுண்டர் ஐயா வாளிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

முதலில் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு பேச்சி சுருளைக் கீழே போட்டுவிட்டு, வாய்த்துணியை இழுத்து அவிழ்த்துவிட்டு, பலகை மேல் தலையை வைத்து ஓவென்று அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. மற்றப் பெண்களும் மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு சுருள்கூட ஓடவில்லை. யாரும் ஏன் என்று அதட்டவில்லை.

பக்கத்துப் பலகை மைதீன் பீவிதான் எங்களில் மூத்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேச்சி முதுகைத் தடவிக் கொடுத்தாள். “அல்லாவே! ஏட்டி, ஒரு கதைக்குப் போயி இப்பிடியா அழுவாக?”

பேச்சி தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் பீவியைப் பார்த்துச் சொன்னாள்.

“கதைதான் பீவியக்கா.”